முதல் பதிலும் இரண்டாவது பதிலும்: கட்சிரோலியில் நோய்ப் பட்டியலை எழுதியது யார்?

1980களின் பிற்பகுதி. மகாராஷ்டிரத்தின் கிழக்கு விளிம்பில், காடு அடர்ந்த கட்சிரோலி மாவட்டத்தில் இரண்டு மருத்துவர்கள் கையில் ஒரு கண்டுபிடிப்பு இருந்தது. அங்கு வாழும் பழங்குடி மக்களின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் அணு இரத்தசோகைக்கான மரபணு பலரிடம் இருப்பது தெரியவந்தது. அந்த மாவட்டத்துக்கு அது புதிய செய்தி. ஆய்வு செய்யும் மருத்துவருக்கு அப்படி ஒரு நாள் அடிக்கடி வாய்ப்பதில்லை. முடிவை ஆர்வத்தோடு கிராமங்களுக்கு எடுத்துச் சென்றார்கள். கிராமங்கள் அசையவில்லை.

மக்கள் எதிர்க்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கேட்டுக்கொண்டார்கள், கலைந்து போனார்கள். அந்த மருத்துவர்களில் ஒருவரான அபய் பங், பின்னாளில் இந்த நிகழ்ச்சியைத் தம்முடைய பிழையாகவே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அந்த ஆய்வு மருத்துவர்களின் தேவையிலிருந்து பிறந்தது, மக்களின் தேவையிலிருந்து பிறக்கவில்லை என்பதே அவர் கண்ட உண்மை.

ஊரின் முக்கியமான நோய் எது என்பதை ஊரே முடிவு செய்ய வேண்டும் என்று சொல்வது இன்று எளிது. 1978இல் அல்மா-அட்டா நகரில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாட்டின் பிரகடனமே, தங்கள் மருத்துவச் சேவையைத் திட்டமிடுவதிலும் நடைமுறைப்படுத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் என்று அறிவித்துவிட்டது. ஆனால், ‘உங்கள் பிரச்சினை என்ன?’ என்று ஓர் ஊரைக் கேட்டால் என்ன நடக்கிறது? பதில் வருகிறதா? வரும் பதில் யாருடையது? அந்தப் பதில் கேட்டவருக்குப் பிடிக்காததாக இருந்தால் என்ன செய்வது? கட்சிரோலி இந்தக் கேள்விகளோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய இடம். அங்கு நடந்தவற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது. மக்கள் சொல்லும் முதல் பதிலை மதித்து நடந்தவர்களுக்குத்தான் இரண்டாவது பதில் கிடைக்கிறது. உண்மையான நோய்ப் பட்டியல் பெரும்பாலும் அந்த இரண்டாவது பதிலில்தான் இருக்கிறது.

களம்

கட்சிரோலி 1982இல் சந்திரபூரிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட மாவட்டம். கோண்டு, மாடியா பழங்குடிகள் வாழும் பகுதி. மழைக்காலத்தில் ஆறுகள் பெருகினால் பல ஊர்கள் துண்டிக்கப்பட்டுவிடும். அபய் பங் பொது மருத்துவர், ராணி பங் மகப்பேறு மருத்துவர். நாக்பூரில் மருத்துவம் படித்த இந்தத் தம்பதியர், 1984இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரப் பட்டம் பெற்றுத் திரும்பி, 1986 முதல் கட்சிரோலியில் பணியாற்றத் தொடங்கினார்கள். அவர்கள் நிறுவிய அமைப்பின் பெயர் ‘செர்ச்’. தேடல் என்று பொருள்படும்படி அமைந்த பெயர். எதைத் தேடுவது என்பதைத் தாங்களே முடிவு செய்ததுதான் முதல் சறுக்கல்.

அரிவாள் அணு நோய் ஏன் மக்களை அசைக்கவில்லை?

மக்களுக்கு அறியாமை என்று இதை ஒதுக்குவது வழக்கம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த மக்களின் இடத்திலிருந்து பார்த்தால் அவர்களது மௌனம் நியாயமானது.

அரிவாள் அணு நோய் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது. இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்தால் குழந்தை நோயாளி ஆகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அந்தப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டு, பெரும்பாலும் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்கிறது. பரிசோதனையில் கண்டறியப்பட்ட பெரும்பாலோர் இப்படிச் சுமப்பவர்கள்தான். அவர்களிடம் சென்று ‘உங்கள் இரத்தத்தில் ஒரு குறை இருக்கிறது’ என்றால், ‘எனக்கு ஒன்றும் இல்லையே’ என்பதுதான் இயல்பான பதில். நோயாளிகளுக்கோ அன்றைக்குக் குணப்படுத்தும் மருந்து என்று எதுவும் அந்தக் காட்டுக்குள் கிடையாது. ஆக, மருத்துவர்கள் கொண்டுவந்தது ஒரு பெயரை மட்டுமே. வலியைப் போக்காத பெயர். திருமணப் பேச்சில் ஒரு குடும்பத்தைத் தலைகுனிய வைக்கக்கூடிய பெயர். கண்ணெதிரே மலேரியாவும் பட்டினிக்காலமும் பிரசவச் சாவும் இருக்கையில், இந்தப் பெயரை யார் தங்கள் பட்டியலின் முதல் வரியில் எழுதுவார்கள்?

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இது பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் திறவுகோல். தீர்வு கண்ணுக்குத் தெரியாத துன்பத்தை மக்கள் பிரச்சினை என்று அழைப்பதில்லை. தலையெழுத்து என்கிறார்கள். எனவே ‘உங்கள் பிரச்சினைகள் என்ன?’ என்ற கேள்விக்கு வரும் பதிலில், மக்கள் தீர்க்க முடியும் என்று நம்புபவை மட்டுமே இருக்கும். தலையெழுத்தின் கணக்கில் எழுதப்பட்டவை அதில் வராது.

மருத்துவமனையைப் பற்றிக் கேட்டபோது

மருத்துவர்கள் கேள்வியை மாற்றினார்கள். நோயைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால், மருத்துவமனைக்கு ஏன் வருவதில்லை என்று பழங்குடி மக்களிடம் விசாரித்தார்கள். இந்த முறை பதில் தடையின்றி வந்தது.

அந்தப் பெரிய கட்டடங்களுக்குள் நுழைந்தால் வழி தெரிவதில்லை, பயமாக இருக்கிறது. மருத்துவரும் செவிலியரும் வெள்ளை உடுத்தியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் பிணத்துக்குத்தான் வெள்ளைத் துணி போர்த்துவோம். நோயாளியை உள்ளே படுக்க வைத்துவிட்டு உறவினரை வெளியே அனுப்புகிறீர்கள், தனியாகக் கிடப்பவன் எப்படித் தேறுவான்? எங்கள் தெய்வமும் அங்கே இல்லை. மக்கள் சொன்னவற்றின் சாரம் இது.

இவற்றில் ஒன்றுகூட மருந்தைப் பற்றியது இல்லை. வழக்கமான சுகாதாரக் கணக்கெடுப்புப் படிவத்தில் இவற்றைக் குறித்துக்கொள்ள ஒரு கட்டம்கூட இருக்காது. ஆனால் இந்தப் பதில்கள் அப்படியே ஏற்கப்பட்டன. ஷோத்கிராம் என்ற வளாகத்தில், பழங்குடிக் குடியிருப்பைப் போலக் குடில் குடிலாக மருத்துவமனை எழுந்தது. நோயாளியின் குடும்பமும் உடன் தங்கலாம். பழங்குடி மக்கள் வணங்கும் தந்தேஸ்வரியின் பெயரே மருத்துவமனைக்கும் சூட்டப்பட்டது. தந்தேஸ்வரியின் பெயரால் ஆண்டுதோறும் கூடும் விழாவோடு பழங்குடிகளின் ஆரோக்கிய மன்றமும் கூடத் தொடங்கியது. ஊர்களிலிருந்து வரும் பிரதிநிதிகள் தங்கள் தொல்லைகளைப் பேசி, அடுத்து எதைக் கையில் எடுப்பது என்று அங்கே விவாதிக்கிறார்கள்.

கட்டட வடிவத்தை மாற்றுவதால் நோய் தீருமா என்று கேட்கலாம். தீராது. ஆனால் ஊர் அன்றைக்கு ஒரு சோதனை வைத்தது என்றே நான் இதைப் பார்க்கிறேன். சொன்னால் நடக்கிறதா என்ற சோதனை. அதில் தேறிய பிறகுதான் அடுத்த கதவு திறந்தது.

பெண்கள் சொல்லாதது

அடுத்த கதவு பெண்களுடையது. இந்த நிகழ்வில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடமும் இதுதான்.

கிராமத்துப் பெண்ணின் ஆரோக்கியம் என்றால் அன்றைய திட்டங்களுக்குத் தெரிந்தது இரண்டே விஷயங்கள்: பிரசவம், குடும்பக் கட்டுப்பாடு. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு அந்தத் திட்டங்களில் உடலே கிடையாது. ராணி பங் பெண்களோடு உட்கார்ந்து பேசியபோது வேறு செய்திகள் மெல்ல வந்தன: வெள்ளைப்படுதல், மாதவிடாய் வலி, அடிவயிற்று வேதனை. ஆண்கள் இருக்கும் கூட்டத்தில் இவற்றில் ஒரு சொல்லும் எழுந்திருக்காது.

இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்த ஆய்வு அப்படித்தான் உருவானது. அதன் முடிவுகள் 1989 ஜனவரியில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தன. பெண்களில் 55 சதவீதம் பேர் தங்களுக்கு மகளிர் நோய்த் தொல்லை இருப்பதாகச் சொன்னார்கள். 45 சதவீதம் பேர் ஒரு குறையும் இல்லை என்றார்கள். பரிசோதித்தபோது 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மகளிர் நோயோ பாலியல் நோயோ இருந்தது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.6 நோய்கள். பாதிச் சுமை பிறப்புறுப்புப் பாதையின் தொற்றுகளால் வந்தது. இவ்வளவுக்கும், இதற்கு முன் மகளிர் நோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் பெற்றவர்கள் வெறும் 8 சதவீதம்.

இந்த எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நூறு பெண்களில் 45 பேர் தொல்லை இல்லை என்கிறார்கள். நோய் இருப்பதோ 92 பேருக்கு. தொல்லை இருப்பதாகச் சொன்ன 55 பேருக்குமே நோய் இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றும் இல்லை என்ற 45 பேரில் குறைந்தது 37 பேர் நோயோடுதான் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் அடிக்கிறது. ‘மக்களைக் கேட்டால் போதும், எல்லாம் தெரிந்துவிடும்’ என்று நம்புபவர்களுக்கு இது எச்சரிக்கை. வெறுமனே கேட்டிருந்தால் அந்த 37 பேரும் நலமானவர்கள் பட்டியலில் சேர்ந்திருப்பார்கள். அவர்களில் சிலருக்கு அறிகுறியே இல்லாமல் இருந்திருக்கலாம். சிலருக்கு அது பெண்ணாகப் பிறந்ததன் பங்காகத் தோன்றியிருக்கலாம். மறுபக்கத்தில், ‘நாங்களே பரிசோதித்துக் கண்டுபிடித்துக்கொள்வோம், கேட்பானேன்?’ என்று நினைக்கும் மருத்துவர்களுக்கும் இது பதில் சொல்கிறது. பெண்கள் முதலில் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பரிசோதனை மேசையே வந்திருக்காது. எங்கே தேட வேண்டும் என்பதைக் காட்டியவர்கள் பெண்கள். எவ்வளவு இருக்கிறது என்பதை அளந்தது மருத்துவம். ஒன்றில்லாமல் மற்றொன்றுக்கு வழியில்லை.

அரிவாள் அணு ஆய்வும் பரிசோதனைதான், இதுவும் பரிசோதனைதான். இரத்தத் துளியைக் கொடுப்பதைவிட இது பல மடங்கு கூச்சத்தையும் நம்பிக்கையையும் கோருவது. ஆனாலும் பெண்கள் வந்தார்கள். இங்கே தேடப்பட்டது அவர்களுடைய வலி. கண்டுபிடிக்கப்பட்டால் அதற்கு மருந்தும் இருந்தது. தலையெழுத்தின் கணக்கிலிருந்து ஒரு துன்பம் பிரச்சினையின் கணக்குக்கு மாறியதை இந்த ஆய்வில் காணலாம்.

மருத்துவர்களின் பட்டியலில் இல்லாத நோய்

மக்கள் பேசத் தொடங்கியதும் வந்த இன்னொரு பெயர் சாராயம். எந்த மருத்துவக் கல்லூரியும் சாராயத்தை ஓர் ஊரின் தலையாய நோயாகப் பாடம் நடத்துவதில்லை. கல்லீரல் நோய் என்று சொல்லும், போதை அடிமைத்தனம் என்று சொல்லும். குடிக்காதவர்களைத் தாக்கும் நோயாக அதைச் சொல்லாது. கட்சிரோலிப் பெண்கள் அப்படித்தான் சொன்னார்கள். அடி வாங்குவது குடிக்காதவள், பசியோடு படுப்பது குடிக்காத குழந்தை.

செர்ச் குழுவும் ஊர்க்காரர்களும் சேர்ந்து கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தார்கள். யார் குடிக்கிறார்கள், எவ்வளவு செலவாகிறது என்ற கணக்கு. கணக்கெடுக்கும் வேலையே இயக்கமாக மாறியது இங்கே கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு வீட்டுக்கும் தன் வீட்டுச் செலவு தெரியும். ஊர் முழுவதின் செலவைக் கூட்டிச் சுவரில் எழுதும்போதுதான் அது ஊரின் நோயாகத் தெரிகிறது. ‘தாருமுக்தி’ என்ற பெயரில் மது விடுதலை இயக்கம் வளர்ந்தது. கிராமங்கள் தீர்மானம் போட்டன, பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1993இல் கட்சிரோலி மாவட்டம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது.

சட்டம் வந்த உடனே சாராயம் ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கள்ளச் சாராயம் தொடர்ந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டம் இருந்த மாவட்டத்தில், 2016இல் ‘முக்திபத்’ என்ற பெயரில் மதுவையும் புகையிலையையும் குறைக்கப் புதிதாக ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது என்பதே அதற்குச் சாட்சி. இலுப்பைப் பூவிலிருந்து வடிக்கும் மது பழங்குடிச் சடங்குகளில் ஊறியது என்பதால், சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் இடையிலான இழுபறியும் உண்டு. இந்த நிகழ்வில் எனக்குப் பொருட்படுவது வேறு. எந்த மருத்துவரும் எழுதியிருக்க முடியாத ஒரு நோயை ஊர் எழுதியது. கேட்டவர்கள் ‘இது எங்கள் துறை அல்ல’ என்று நழுவவில்லை.

எண்ண முடியாதவர்களின் எண்ணிக்கை

குழந்தைச் சாவு வேறு வகை. 1988இல் கட்சிரோலிக் கிராமங்களில் ஆயிரம் குழந்தைகளுக்கு 121 என்ற கணக்கில் ஓர் ஆண்டு நிறையும் முன்னே இறந்தன. ஏறத்தாழ எட்டில் ஒன்று. அந்த அளவுக்குச் சாவு பழகிவிட்ட ஊரில் அதைத் தனித்த பிரச்சினையாக யாரும் பேசுவதில்லை. எத்தனை பெற்றாள், எத்தனை தங்கின என்றே பேச்சு நடக்கும். தலையெழுத்தின் கணக்கில் மிகப் பெரிய வரி இதுதான்.

மருத்துவர்கள் இங்கே கணக்கைத் திருப்பிக் கொடுக்கும் வேலையைச் செய்தார்கள். பெருங்காரணம் நிமோனியா என்று காட்டினார்கள். அதற்கு மலிவான மாத்திரை உண்டு. குழந்தையின் மூச்சு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணத் தெரிந்தால் ஊரிலேயே நோயைக் கண்டுபிடித்துவிடலாம். தடை எங்கே வந்தது என்றால், ஊரின் மருத்துவச்சிகளுக்கு ஐம்பது அறுபது வரை எண்ணத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு வரை எண்ணுவார்கள்.

எண்ணத் தெரிந்த ஒருவரை வெளியூரிலிருந்து கொண்டுவருவது எளிய வழி. அதை விட்டுவிட்டு, மருத்துவச்சிக்கு ஏற்றபடி கருவியைச் செய்தார்கள். ஒரு சட்டத்தில் கோத்த மணிகள், ஒரு நிமிடத்தில் கொட்டித் தீரும் மணல் கடிகாரம். பத்து மூச்சுக்கு ஒரு மணியை நகர்த்த வேண்டும். மணல் தீரும் முன்பே குறித்த மணியைத் தாண்டிவிட்டால் நிமோனியா. எவ்வளவு மரியாதையான கருவி இது! ஊரின் அறிவைக் குறையாகப் பார்க்காமல், அந்த அறிவு எங்கே நிற்கிறதோ அங்கேயே போய்ச் சேர்ந்த கருவி. பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்களும் மருத்துவச்சிகளும் சிகிச்சை அளித்ததில் நிமோனியாச் சாவுகள் பெருமளவு குறைந்தன. அந்த முடிவுகள் 1990இல் லான்செட்டில் வந்தன.

அதைத் தொடர்ந்து, பிறந்து ஒரு மாதம் ஆகாத பச்சிளங்குழந்தைகளை வீட்டிலேயே பராமரிக்க ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். 39 கிராமங்களில் அந்த முறையும், ஒப்பிட்டுப் பார்க்க 47 கிராமங்களில் வழக்கமான சேவையும் நடந்தன. மூன்றாம் ஆண்டில், ஒப்பீட்டுக் கிராமங்களோடு வைத்துப் பார்க்கையில், பச்சிளங்குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999இல் வெளிவந்த இந்த ஆய்வின் வழியில்தான் 2011 முதல் நாடெங்கும் ‘ஆஷா’ எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் பிரசவமான வீட்டுக்குச் சென்று குழந்தையைப் பார்க்கிறார்கள்.

ஜாம்கேடில் தண்ணீர்

முதல் பதிலை மதிப்பது என்றேன். அதற்கு இன்னும் துலக்கமான சான்று கட்சிரோலிக்கு முந்தியது, அதே மகாராஷ்டிரத்தில். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே தம்பதியர் 1970இல் அன்றைய அகமதுநகர் மாவட்டத்தின் ஜாம்கேடுக்கு வந்தபோது கடும் வறட்சி. ஊர்களைக் கேட்டார்கள். தண்ணீர் வேண்டும், சோறு வேண்டும் என்றன ஊர்கள். ஆரோக்கியம் என்ற சொல்லே அந்தப் பட்டியலில் இல்லை.

அவர்கள் ஆழ்குழாய்க் கிணறு தோண்டினார்கள், குழந்தைகளுக்குச் சமூகச் சமையல் கூடம் வைத்தார்கள். குழாய்கள் தலித் குடியிருப்புகளில் போடப்பட்டதால், மற்றச் சாதியினரும் அங்கே வந்து நீர் எடுக்க நேர்ந்தது. ஆண்களைச் சாதி பாராமல் கூட்டுவதற்குக் கைப்பந்து விளையாட்டு உதவியது. ஆட்டக்களத்திலிருந்து உழவர் மன்றங்கள் பிறந்தன. பிறகுதான் நோயைப் பற்றிய பேச்சு.

ஊர்களில் பணியாற்ற முதலில் அனுப்பப்பட்ட, படித்த செவிலியர்களால் அங்கே ஒட்ட முடியவில்லை. ‘எங்கள் ஊர்ப் பெண்ணையே பழக்குங்கள்’ என்ற யோசனை ஊர்த் தலைவர் ஒருவரிடமிருந்து வந்தது. அப்படி ஊர்கள் தேர்ந்தெடுத்த, பலர் எழுதப் படிக்கத் தெரியாத, பலர் தலித்துகளான பெண்கள் அந்தத் திட்டத்தின் முதுகெலும்பு ஆனார்கள். 1971இல் ஆயிரத்துக்கு 176 ஆக இருந்த சிசு மரணம், 1976இல் 52 ஆகக் குறைந்தது. தண்ணீர் கேட்டவர்களிடம் தடுப்பூசி மட்டும் நீட்டியிருந்தால் இது நடந்திருக்குமா? நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த வயிற்றுப்போக்குக்கும் மெலிவுக்கும் தண்ணீரும் சோறுமே முதல் மருந்து. ஊர் சொன்ன முதல் பதில் மருத்துவமாகவும் சரியாகவே இருந்தது.

கூழாங்கல் எங்கே விழுகிறது

மக்களைக் கேட்பது என்பதை ஒரு கூட்டம், ஒரு மைக், ஒரு கையெழுத்துப் பதிவேடு என்று சுருக்கிவிடுகிறோம். பொதுக்கூட்டத்தில் முதலில் பேசுபவர் யார்? நிலமும் சாதியும் குரலும் உள்ள ஆண். அவர் ஊருக்கு மருத்துவமனைக் கட்டடம் வேண்டும் என்பார், ஆம்புலன்ஸ் வேண்டும் என்பார். தவறான கோரிக்கைகள் அல்ல. ஆனால் அது அவருடைய பட்டியல்.

இந்தச் சிக்கலுக்கு ஜார்கண்டிலும் ஒடிசாவிலும் இயங்கும் ‘ஏக்ஜுட்’ அமைப்பு கண்ட வழி எளிமையானது, ஆனால் பொறுமை கேட்பது. மேற்கு சிங்பூம், சராய்கேலா-கர்சாவான், கியோஞ்சர் மாவட்டங்களில் பெண்கள் குழுக்கள் மாதம் ஒருமுறை கூடின. அந்தச் சுற்றில் மொத்தம் இருபது கூட்டங்கள். தாய்க்கும் பச்சிளங்குழந்தைக்கும் வரும் ஆபத்துகள் படங்களாகத் தரையில் விரிக்கப்படும். தங்கள் வீட்டிலும் ஊரிலும் நடந்ததைப் பெண்கள் கதையாகச் சொல்வார்கள். பிறகு எந்தப் படம் முக்கியம் என்று கருதுகிறார்களோ அதன்மேல் கல்லை வைத்து வாக்களிப்பார்கள். எழுத்து தேவையில்லை, எழுந்து நின்று பேசும் துணிவும் தேவையில்லை. முன்னுரிமை தேர்வான பின், என்ன செய்வது என்று குழுவே திட்டமிடும். அதை ஊருக்கு அறிவிக்கும், செய்து பார்க்கும், கடைசியில் மதிப்பிடும்.

2005 முதல் 2008 வரை நடந்த அந்தச் சோதனையில், மூன்றாண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், இப்படிக் குழுக்கள் கூடாத பகுதிகளைவிடப் பச்சிளங்குழந்தை மரணம் 32 சதவீதம் குறைவு. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளை மட்டும் எடுத்தால் 45 சதவீதம். இந்த இரண்டு எண்களின் இடைவெளி எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் ஆண்டில் பலன் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆறு மாதத்தில் அறிக்கை கேட்கும் திட்டமாக இருந்திருந்தால், பெண்களைக் கூட்டிக் கல் வைக்கச் சொல்வது வீண் வேலை என்று முடிவு கட்டி மூடியிருப்பார்கள். மூன்றாம் ஆண்டில் தாய்மாரிடையே மிதமான மனச்சோர்வும் 57 சதவீதம் குறைந்திருந்தது. மனச்சோர்வுக்கு என்று அங்கே யாரும் படம் விரிக்கவில்லை. ஒன்றாக உட்கார்ந்து தங்கள் இழப்பைப் பேசியதே மருந்தாகியிருக்க வேண்டும்.

கல் வைக்கும் முறையிலும் கவனம் தேவை. எல்லோரும் பார்க்க வைத்தால், முதல் கல் விழுந்த இடத்திலேயே மற்றவையும் விழும். மாமியார் வைத்த படத்தில்தான் மருமகளும் வைப்பாள். ஊரின் ஒரு மூலையில் இருப்பவர்கள் மறு மூலைக்கு வந்து வாக்களிக்கத் தயங்குவார்கள் என்றால், கூட்டம்தான் அந்த மூலைக்குப் போக வேண்டும். கூலி வேலைக்குப் போனவள் திரும்பும் நேரத்தில் கூட்ட வேண்டும். கேள்வியும் ‘உங்கள் சுகாதாரப் பிரச்சினை என்ன?’ என்று மொட்டையாக இருக்கக் கூடாது. போன ஆண்டு இந்தத் தெருவில் யார் யார் இறந்தார்கள், எந்த நோய்க்காகக் கடன் வாங்கினீர்கள், எந்த மாதத்தில் அதிகம் பேர் படுக்கையில் விழுகிறார்கள் என்று கேட்டால் பட்டியல் தானாக உருப்பெறும். தலையெழுத்து என்று ஒதுக்கியவையும் அப்போது வெளியே வரும்.

இந்தியாவில் இதற்கான அமைப்பு காகிதத்தில் இருக்கிறது. 2005இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதாரத் திட்டம், ஊர்தோறும் சுகாதாரக் குழு வேண்டும் என்றது. அந்தக் குழு தன் விருப்பப்படி செலவிட ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை ஒதுக்கவும் வழி செய்தது. ஊருக்கு முடிவெடுக்கும் உரிமை உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்ட ஏற்பாடு என்ற வகையில் அதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் பட்டியல் மேலிருந்து அச்சடித்து வந்து, ஊர் அதில் கையெழுத்து மட்டும் போடுகிறது என்றால், அந்தப் பணம் வேறு யாருடைய பட்டியலுக்கோ செலவாகும் பணம்தான்.

அரிவாள் அணு நோய் திரும்பி வருகிறது

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் அரிவாள் அணு இரத்தசோகை ஒழிப்புக்கான தேசிய இயக்கம் தொடங்கிவைக்கப்பட்டது. 17 மாநிலங்களில் நாற்பது வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஆக்குவது என்பவை இலக்குகள். மகாராஷ்டிரமும் அந்தப் பட்டியலில் உண்டு. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கட்சிரோலியில் கண்டது பொய்யல்ல, அற்பமும் அல்ல என்பதை நாடே இப்போது ஒப்புக்கொள்கிறது. அன்றைக்குக் கிடைக்காத மருந்துகளும் இன்று கிடைக்கின்றன. ஹைட்ராக்ஸியூரியா வலியின் தாக்குதலைக் குறைக்கிறது. குழந்தைப் பருவத்திலேயே கண்டறிந்தால் தொற்றுகளிலிருந்து காப்பாற்றலாம். தலையெழுத்தாக இருந்த ஒன்று பிரச்சினையாக மாறுவதற்கான நிலைமை உருவாகியிருக்கிறது.

பரிசோதிக்கப்பட்டவருக்கு அவருடைய மரபணு நிலையைக் காட்டும் அட்டை கொடுக்கிறார்கள். திருமணத்துக்கு முன் இரு அட்டைகளையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எண்ணம். அந்த அட்டையோடு ஒரு பணியாளர் கோண்டுக் குடிலின் திண்ணையில் போய் உட்காரும்போது, அட்டையை நீட்டும் முன் அவர் என்ன கேட்பார்? உங்கள் வீட்டில் மூட்டு வலியாலும் இரத்தமின்மையாலும் அடிக்கடி துவளும் பிள்ளை உண்டா, அப்படி ஒரு பிள்ளை இறந்திருக்கிறதா, அந்த வலியை நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறீர்கள் என்று கேட்பாரா? இந்த அட்டை உங்கள் மகளின் திருமணத்தை என்ன செய்யும் என்று அஞ்சுகிறீர்கள் என்று கேட்பாரா? பதில் வரும் வரை காத்திருக்க அவருக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா, அல்லது அன்றைக்கு இத்தனை அட்டை என்ற இலக்கு அவரை அடுத்த குடிலுக்கு விரட்டிக்கொண்டிருக்கிறதா?